மாப்பிள்ளைக்கு மைதா பேக்கன்

சேசு மரி சூசை

தூத்துக்குடி
5-3-1978, ஞாயிறு

அன்பு மகள் மெட்டில்டாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் அமலோற்பவம் அத்தையும் மாதா தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. உன் சுகமும் ஆலன் சுகமும் அப்படியே இருக்க வேண்டும், அங்கே குளிர் விட்டதா என்று எழுது. சுகம் விசாரித்தாயிற்று. இனி சொல்லப்போவதை உட்கார்ந்து படி, டியூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில் பாதி படித்துவிட்டு மீதியைத் தலையணைக்கடியில் வைக்காதே. நான் கோபத்தில்தான் எழுதுகிறேன். யார்மேல் என்று கேட்டால் உன்மேல் கொஞ்சம், அத்தைமேல் கொஞ்சம், மிச்சமெல்லாம் என்மேல்.

ஜனவரியில் நீ போட்ட கடிதத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மே மாதம் கல்யாணத்துக்கு ஆலனும் அவன் தாயாரும் வருகிறார்கள், ஆலன் கறி தொடமாட்டான், ஆனால் காலையில் முட்டையோடு பேக்கன் மாதிரி ஒன்று இருந்தால் அவனுக்குச் சந்தோஷமாயிருக்கும், அது பன்றியில் செய்வதில்லை, மாவில் செய்வது, செய்முறையைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அனுப்பியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நடுக்கடலில் நின்ற கப்பல்களுக்கு ஒரு வள்ளத்தில் முட்டையும் எலுமிச்சம்பழமும் கொண்டுபோய் விற்ற காலத்திலிருந்து இந்தப் பேக்கனை, புகைபோட்ட பன்றிக்கறிச் சீவலை, பார்க்கிறேன். இப்போது புது ஹார்பர் வந்து கப்பல் சுவரோரம் வந்து கட்டுகிறது, சட்டைப்பையில் பாஸ் வைத்துக்கொண்டு நேரே ஏறிப்போகிறேன், பம்பாயிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிற பேக்கனை ஓரக் கொழுப்பைப் பார்த்தே நேற்று வெட்டினதா போன மாதம் வெட்டினதா என்று சொல்லிவிடுவேன். பன்றி வேண்டாம் என்று விட்டவனுக்குப் பன்றி மாதிரி ஒன்று எதற்கு என்று உன் அம்மாவிடம் கேட்டேன். அவள், கேட்டது உங்க மக, செய்யத் தெரியலன்னா தெரியலன்னு எழுதிப் போடுங்க என்றாள். பிலோமி பேச்சு உனக்குத் தெரியுமே. அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா. வெள்ளைக்காரக் கப்பலுக்கெல்லாம் சாமான் ஏற்றுகிறவன் வீட்டில் வெள்ளைக்காரச் சம்பந்திக்கு ஒரு காலைச் சாப்பாடு வைக்கத் துப்பில்லை என்று வரக் கூடாது என்று நினைத்தேன். அந்த வீறாப்புத்தான் இவ்வளவுக்கும் காரணம்.

நீ அனுப்பின துண்டுத் தாளை நம் ஆபீஸில் சங்கரபாண்டியன் பிள்ளைவாள்தான் வாசித்துத் தமிழில் எழுதிக் கொடுத்தார். நீ சீமைக்குப் புறப்பட்ட அன்று சொந்தச் சித்தப்பா மாதிரி மீனம்பாக்கம் வரை வந்து நின்றாரே, அந்த மனுஷர். இருபத்திரண்டு வருஷமாய் என் கஸ்டம்ஸ் காகிதமெல்லாம் அவர் கையெழுத்தில்தான் போகிறது. சைவ வீட்டுக்காரர், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட்டதில்லை. கப்பலுக்கு என்னோடு வந்தால் ஒரு வாழைப்பழம், அதுவும் தோல் உரிக்காமல் கொடுத்தால்தான். அவர் எழுதிக்கொண்டே, என்ன முதலாளி இது, வேண்டாம்னு விட்டாச்சு, அப்புறம் அதே மாதிரி உருவம் பிடிச்சு வச்சு திங்கணுமாக்கும் என்று சிரித்தார். எனக்கும் அதே சந்தேகந்தான் பிள்ளைவாள், ஆனா மாப்பிள்ளையாச்சே என்றேன். மாப்பிள்ளைன்னா சரிதான், கேள்வி கேட்கப்படாது என்றார்.

அந்தச் செய்முறை இருக்கிறதே, அதை எழுதினவள் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன். இரண்டு கிலோ மைதாவைப் பிசைந்து தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு கழுவு கழுவு என்று கழுவ வேண்டுமாம். மாவைக் கழுவுவது உண்டா உலகத்தில். கிணற்றடியில் உன் அம்மாவும் அத்தையும் மாறிமாறிக் கழுவினார்கள், வெள்ளைத் தண்ணீரெல்லாம் போய்க் கடைசியில் ரப்பர் மாதிரி இரண்டு கைப்பிடி மிஞ்சியது. சாக்கடை பசை கட்டி அடைத்துக்கொண்டது. எதிர்வீட்டு சுந்தர்சிங் சுவரில் சாய்ந்து நின்று, என்ன அண்ணாச்சி, கப்பல் ஏவாரம் படுத்துட்டா, போஸ்டர் ஒட்டுத பசை ஏவாரமா என்று கேட்கிறான். அந்த ரப்பரில் பாதிக்குப் பீட்ரூட் சாற்றில் சிவப்பு ஏற்றி, பாதியை வெள்ளையாக விட்டு, மாற்றி மாற்றி அடுக்கி, ஆவியில் வேகவைத்து, சில்லுச் சில்லாகச் சீவிப் பொரிக்க வேண்டும். முதல் தடவை சிவப்பு வெள்ளையில் இறங்கி, நீ ஆஸ்பத்திரியில் அவிழ்த்துப் போடுகிற கட்டுத்துணி மாதிரி வந்தது. அடுத்த தடவை நிறம் நின்றது, வாசம் இல்லை. புகை எசென்ஸ் ஒரு ஸ்பூன் என்று போட்டிருக்கிறது. புகையை யாராவது புட்டியில் அடைத்து விற்பார்களா? ஒரு கப்பல் குக்கிடம் விசாரித்தேன், நாற்பது வருஷமா சமைக்கிறேன், நான் கேள்விப்பட்டதில்லை என்று அவன் மற்றவனைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிக்கிறான். சரி, நிஜப் புகையே காட்டிவிடுவோம் என்று தகர டிரம்முக்குள் கம்பியில் கோத்துக் கட்டி, கீழே தேங்காய் மட்டையைப் போட்டு மூட்டினேன். அது மாட்டுத்தொழுவத்தில் கொசுவுக்குப் போட்ட மூட்டம் மாதிரி நாறியது. மூன்றாம் தடவை இனிப்பு இருந்தால் சரியாகும் என்று கருப்பட்டிப் பாகில் புரட்டினேன், சட்டியோடு ஒட்டிக்கொண்டது, சட்டியைத்தான் வெளியே போட்டோம். ஆறு கிலோ மைதா இப்படிப் போயிற்று.

அப்போதுதான் அமலோற்பவம், அண்ணா நீங்க குசினியை விட்டு வெளிய போங்க, நான் பார்த்துக்கிடுதேன் என்றாள். என் தங்கச்சி கைப்பக்குவம் உனக்குத் தெரியும், பிடித்த பிடியும் தெரியும். நான் போகும்போது ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் போனேன், கறியோ எலும்போ பன்றிக்கொழுப்போ எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, சட்டியைக்கூடச் சாம்பல் போட்டு விளக்கு, மாப்பிள்ளை நம்பிச் சாப்பிடுகிற சாப்பாடு என்று. அவள், தபசுக்காலம் பிறந்துட்டு, நம்ம குசினியில ஏது கறி, என்னை என்னன்னு நினைச்சீங்க என்று கோபித்துக்கொண்டாள். பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள் பார், நான் அசந்துபோனேன். அதே நிறம், ஓரம் சுருண்டு மொறுமொறுவென்று, வாசம் அப்படியே ஒரு கப்பலின் அடுப்படியில் நிற்கிற மாதிரி. நாலு துண்டு சாப்பிட்டேன். என்ன போட்டாய் என்றேன், அதெல்லாம் ஆம்பளைக்கு எதுக்கு, நல்லாயிருக்கா இல்லியா என்றாள். மூட்டையில் கம்பியை விட்டு அடியில் இருக்கிறதை எடுத்துப் பார்க்காமல் ஒரு சரக்கும் வாங்காதவன் நான். அன்று பல்லைக் காட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

இருந்ததோடு விட்டேனா. கறி தின்கிற நாங்கள் மூன்று பேர் நன்றாயிருக்கிறது என்று சொல்லி என்ன பிரயோசனம், கறி தின்னாத ஒருவர் சொன்னால்தானே ஆலனுக்குச் சரிப்படுமா என்று தெரியும். எனக்குத் தெரிந்து அப்படி ஒரே ஆள் பிள்ளைவாள்தான். தட்டோடு ஆபீஸுக்கு எடுத்துப்போனேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். பார்க்கவே ஒரு மாதிரியா இருக்கு முதலாளி, மனசு வரல என்றார். நான்தான் வற்புறுத்தினேன். நீங்கள் எழுதிக் கொடுத்த செய்முறைதானே, மைதாவும் பீட்ரூட்டும்தானே, நம் மெட்டில்டாவுக்காக ஒரு வாய் பாருங்கள் என்றேன். உன் பெயரைச் சொன்னதும் எடுத்தார். ஒன்று சாப்பிட்டார், இன்னும் இரண்டு எடுத்தார். உப்பும் இனிப்புமா நல்லாத்தான் இருக்கு, அப்பளம் மாதிரியும் இல்ல வத்தல் மாதிரியும் இல்ல, புதுசா ஒரு ருசி என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, வீட்டுக்காரி ஆவுடைக்கு டைபாய்டு விட்டு ஒரு மாசமாச்சு, நாக்குச் செத்துக் கிடக்கு, எதை வச்சாலும் மண்ணு மாதிரி இருக்குங்கா, நாலு துண்டு கொடுத்தீங்கன்னா மத்தியானச் சோத்துக்கு வச்சுப் பார்ப்பேன் என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இதுதான். நான் பெருமையோடு வாழையிலையில் பொதிந்து கொடுத்தேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். குசினிக்குள் போய், அமலோற்பவம் நீ ஜெயித்துவிட்டாய், பிள்ளைவாளே சாப்பிட்டுவிட்டார் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், அடுப்பில் ஒரு பானையில் தண்ணீர் கொதிக்கிறது, மூக்கில் அந்த வாசம், பானைக்குள் கரண்டியை விட்டால் மாசித் துண்டு வருகிறது. மாலத்தீவுக்காரன் சூரை மீனை அவித்துப் புகையில் கல்லாக இறுக்கி அனுப்புகிற மாசி, நான் குடோனில் மூட்டை மூட்டையாய் அடுக்கி வைத்திருக்கிற மாசி. புகை வேணும் புகை வேணும்னு டிரம்மைப் போட்டு உருட்டுனீங்களே, புகை நம்ம வீட்டுலயே இருக்கும்போது என்னத்துக்குன்னு அந்தத் தண்ணியில வேகவச்சேன் என்கிறாள். மீன் போட்டாயா என்று கத்தினேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கறிதானே கூடாதுன்னீங்க, இது மாசி, வெள்ளிக்கிழமை நாமளே சாப்பிடுதோம், பெரிய வெள்ளிக்கு சாமியாரே சாப்பிடுதாரு, இதுல என்ன குத்தம் என்று கேட்டாள். கடற்கரையில் பிறந்த எங்களுக்கு நோன்புச் சாப்பாடு என்றால் மீன்தான். நானும் ஆடு, மாடு, பன்றி எல்லாம் சொன்னேனே தவிர மீன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் தலைக்குள்ளும் அது வரவில்லை.

லாம்பி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரெண்டாம் ரயில்வே கேட்டில் உப்பு ஏற்றின கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருக்கிறது, போகவும் இல்லை வரவும் இல்லை. ஐந்து நிமிஷம் நின்றேன். பிறகு ஸ்கூட்டரை அங்கேயே சாய்த்துவிட்டு இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கடியில் குனிந்து, வண்டி வாலைச் சுற்றிச் சிவன் கோவில் தெருவுக்கு நடந்தேன், ஓடினேன் என்றே வைத்துக்கொள். போய்ச் சேர்ந்தபோது ஆவுடையம்மாள் இலை முன்னால் உட்கார்ந்திருந்தாள். ரசம் சோறும் அந்தத் துண்டும். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, வாங்க அண்ணாச்சி, ஒரு மாசத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் நாக்குக்கு உறைக்குது, உங்க தங்கச்சிகிட்ட சொல்லணும் என்று சிரித்தாள். ஒரு துண்டு முழுக்கச் சாப்பிட்டிருந்தாள். கூட்ஸ் வண்டி மட்டும் குறுக்கே நிற்காமல் இருந்தால் என்று இன்றுவரை நினைக்கிறேன். வாசலில் நின்றபடியே சொன்னேன், அது மாசித் தண்ணியில் வெந்தது, எனக்கே இப்போதுதான் தெரியும், சாப்பிடாதீங்க என்று. அவள் இலையை மடித்துக்கொண்டு எழுந்து பின்னால் போனாள், கிணற்றில் வாளி இறங்குகிற சத்தம் கேட்டது, திரும்பத் திரும்பக் கேட்டது. பிள்ளைவாள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், சரி முதலாளி, நீங்க போங்க என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இரண்டு கப்பல் ஒரே நேரத்தில் கட்டி நிற்கிறது, எந்தக் காகிதம் எந்த அலமாரியில் என்று எனக்குத் தெரியாது, நான் இத்தனை வருஷமாய்க் கையெழுத்து மட்டும்தான் போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வீட்டுக்குப் போய்க் கேட்டேன், பாபநாசத்துக்கு ஆற்றில் முழுகப் போயிருக்காக என்று ஆவுடையம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள், குரல் மட்டும்தான் வெளியே வந்தது. இங்கே வீட்டில் அமலோற்பவம், நான் பாவியாம், இனி குசினிக்குள்ள காலே வைக்க மாட்டேன் என்று ஜெபமாலையும் கையுமாக முன்னறையில் உட்கார்ந்துவிட்டாள். உன் அம்மா அவளுக்குப் பரிந்துகொண்டு, அவ சமைச்சா, ஊட்டிவிட்டது யாரு என்று என்னைக் கேட்கிறாள். நியாயந்தானே. இந்த லட்சணத்தில் உன் அடுத்த கடிதம் வருகிறது, அப்பா பேக்கன் எப்படி வந்தது, ஆலன் தினமும் கேட்கிறார் என்று. அதைக் கிழித்துப்போட்டேன், பிறகு பொறுக்கி எடுத்து வைத்தேன்.

பதின்மூன்று நாள் கழித்துப் போன வியாழக்கிழமை பிள்ளைவாள் வந்தார். மெலிந்து போயிருந்தார். ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்து காகிதத்தை எடுத்தார். இருபத்திரண்டு வருஷமாய் அவர் வெளியில் வாய் நனைக்கிறது நம் வீட்டுக் காபி ஒன்றுதான். அன்றைக்கு உன் அம்மா புது டம்ளர் வாங்கி, தானே காபி போட்டு ஆபீஸுக்கு எடுத்துவந்தாள். வைங்கம்மா என்றார், மரியாதையாகத்தான் சொன்னார். சாயந்தரம் வரைக்கும் அது ஆடை கட்டி அப்படியே இருந்தது. நான் பொறுக்கமாட்டாமல், பிள்ளைவாள், நான் மறைத்திருக்கலாம், மறைக்காமல் ஓடிவந்து சொன்னேன், அதையாவது நினைத்துப் பாருங்கள் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார், நினைக்காம இல்ல முதலாளி, நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதுதான், அது ஒரு பக்கம், ஆனா அவ அன்னையிலயிருந்து எதை வச்சாலும் இதுல என்ன இருக்கோன்னு பயந்து பயந்து பார்க்கா, தான் வடிச்ச கஞ்சியைக்கூட ரெண்டு வாய்க்கு மேல குடிக்க மாட்டேங்கா, நானே ஆக்கிப் போட்டாலும் அதே கதைதான், டாக்டரு இப்படியே போனா திரும்ப ஆஸ்பத்திரிதான்னு சொல்லுதாரு என்று. அவ்வளவுதான், மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஏளா மெட்டில்டா, நீ நர்ஸ். டைபாய்டு கிடந்து எழுந்த உடம்பு சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானும் இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். பழம் வாங்கி அனுப்பினால் திரும்பி வருகிறது. நான் போய் நின்றால் கதவுக்குப் பின்னால் போகிறாள். மன்னிப்பை அந்த வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார், ஆனால் அது அவள் வயிற்றுக்குள் போகவில்லை. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு நீ வேண்டும். ஆவுடையம்மாளுக்கு நீயே உன் கைப்பட எழுது. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளப்போகிறவர் உங்களை மாதிரியே கறி தொடாதவர், அவர் எங்கள் வீட்டில் எதை நம்பிச் சாப்பிடுவது என்று எனக்கே பயமாயிருக்கிறது, நாங்கள் வந்து இறங்குகிற அன்று முதல் சாப்பாடு உங்கள் வீட்டில்தான், நீங்கள்தான் ஆக்கிப் போட வேண்டும் என்று எழுது. தனக்கென்றால் அவள் அடுப்பு மூட்டமாட்டாள். தூர தேசத்திலிருந்து ஒரு பிள்ளை தன்னை நம்பி இலைக்கு முன்னால் உட்காரப்போகிறான் என்றால் மூட்டுவாள். அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும் என்று இப்போதிருந்தே சாப்பிட ஆரம்பிப்பாள். அந்தம்மாள் சுபாவம் எனக்குத் தெரியும், சரக்கை எடை போடுகிறவனுக்கு ஆளையும் கொஞ்சம் எடை போடத் தெரியும். இந்த யோசனையை அப்பாதான் சொன்னார் என்றே எழுது, மறைக்காதே. இனி அந்த வீட்டுக்குள் என் வீட்டிலிருந்து ஒன்றும் மறைவாகப் போகக் கூடாது.

பேக்கன் பேச்சை இத்தோடு விடு. ஆலனுக்குக் காலையில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும்தான், அவன் தாயாருக்கும் அதுதான், பிடிக்காவிட்டால் பிடிக்கும்வரை சாப்பிடட்டும். ஆனால் ஒரு விஷயம். நீ முட்டை உண்டு என்று எழுதினாய், மீன் உண்டா இல்லையா என்று இதுவரை எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஆலனிடம் நேரே கேள். கேட்டு இரண்டே வார்த்தையில் தந்தி கொடு, அமலோற்பவத்திடம் காட்ட வேண்டும். நான் முந்தின கடிதத்தில் ஆலனைக் கேலி பண்ணி எழுதினதை அவனிடம் வாசித்துக் காட்டியிருந்தால், அப்பா அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார் என்றும் சொல்லிவிடு. ஒரு மனுஷர் வேண்டாம் என்று வைத்த ஒன்றை அவருக்குத் தெரியாமல் அவர் வாயில் போட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தவன் நான். இனி சிரிக்க வரவில்லை.

பாஸ்குத் திருநாளுக்குப் பூசை தவறாதே, இரவு டியூட்டி முடித்து வெறும் வயிற்றோடு பஸ்ஸுக்கு நிற்காதே, கம்பளிக் கையுறையைத் தொலைக்காதே. அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். அத்தை முன்னறையிலிருந்தே சிலுவை போட்டு ஆசீர்வதித்தாள், அதையும் சேர்த்து வாங்கிக்கொள். சேசுவின் இருதயம் உங்கள் இரண்டு பேரையும் காக்கட்டும். இந்தக் கடிதத்துக்குப் பதில் எனக்கு நிதானமாகப் போடு, ஆவுடையம்மாளுக்கு இன்றைக்கே போடு. சிவன் கோவில் தெரு விலாசம் உன்னிடம் இருக்கும், இல்லாவிட்டால் தேடி நேரம் போக்காதே, அவர் பெயரும் தெருவும் போட்டாலே தபால்காரன் கொண்டுபோய்க் கொடுப்பான்.

இப்படிக்கு
உன்னை நம்பியிருக்கும் அப்பா
ஜேசுபாதம்